மொட்டை மாடிக்கு ஒரு தனி வழி

பெப்ரவரி 9

இனிமேல் என்னுடன் பேசப் போவதில்லை என்று என் கணவர் இன்று அறிவித்தார். ஏன் பேசமாட்டார், எந்தெந்த விஷயத்தில் பேசமாட்டார், தன் பொறுமைக்கு எங்கே எல்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கிப் பேசினார். இடையில் தண்ணீரும் கேட்டார்.

நடந்தது இதுதான். தெல்தோட்டைப் பக்கம் ஒரு பஸ் பள்ளத்தில் உருண்டு, நேற்று விடிய எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த கூட்டம் இரவு வரை ஓயவில்லை. எக்ஸ்ரே அறையில் எனக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். இருந்தும் நேற்றுப்போல் ஒரு நாளை அதிகம் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஹோல் முழுக்கப் பழைய மாணவர் சங்கம். நாவலப்பிட்டியில் இவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு மலர் வெளியிடப் போகிறார்களாம். இவர் பென்ஷன் எடுத்த நாளிலிருந்து அந்த மலர் மொட்டாகவே இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள், "கலா, எல்லாருக்கும் டீ ஊத்தேன்" என்றார்.

"இது கொமிட்டி ஹோல் இல்ல. எல்லாரும் எழும்பி வீட்டுக்குப் போங்க" என்றேன்.

போனார்கள். அவசரத்தில் ஒருவர் இன்னொருவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கும் நான்தான் காரணமாம்.

பெப்ரவரி 10

பேசவில்லை. "உப்பில்ல" என்று மட்டும் சொன்னார். என்னிடம் இல்லை, பருப்புக் கறியிடம்.

பெப்ரவரி 16

புதிய அறிவிப்பு. திருவாளர் யோகராஜ் மேல் மாடிக்குக் குடிபெயர்கிறார்.

மேல் மாடி என்று பெருமையாக எழுதிவிட்டேன். கொங்கிரீட் தட்டு ஒன்று, அதன் ஓரத்தில் தகரம் போட்ட ஓர் அறை, ஒரு குளியலறை. மகன் இளங்கோ ஏ.எல். படிக்கிறேன் என்று பாட்டுக் கேட்ட இடம். அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனபின் உடுப்புக் காயப்போட மட்டும் பயன்படுகிறது. ஆனால் அம்பிட்டிய மேட்டிலிருந்து பார்த்தால் மலை மலையாகத் தெரியும், காற்றும் வரும். இவர் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு அதை "டெக்" என்கிறார். டெக்கில் மூங்கில் கதிரைகள், பூச்சட்டி, மாலையில் நண்பர்கள்.

ஒரே சிக்கல்: உள்படி என் சமையலறைக்குள்ளிருந்து ஏறுகிறது. என்னைப் பார்க்காமல் மேலே போகமுடியாது. அதனால் வெளியே ஒரு படி வேண்டுமாம்.

"எனக்குத் தனி வழி வேணும்" என்றார், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து.

பெப்ரவரி 23

இரும்பு வேலை செய்கிற வெல்டிங் பாஸ் வந்தார். பின் மூலையில் நின்று அண்ணாந்து பார்த்து, விரலைக் காற்றில் சுழற்றினார். சுருள் படி. மூன்று நாள் வேலை.

"பிளான், பெர்மிஷன் ஒண்ணும் வேணாமா?" என்று நான் கேட்டேன்.

"அது கட்டடத்துக்குத்தானே மிஸ். இது இரும்பு."

இவர் முகத்தில் எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த ஒளி! வீட்டை விட்டுப் போக ஒரு மனிதனுக்கு இவ்வளவு உற்சாகம் வரும் என்றால், போகாமல் இருந்த காலத்தில் எவ்வளவு தியாகம் செய்திருப்பார்.

மார்ச் 2

இரும்பு வந்து இறங்கியது. பின்னாலேயே சந்திரிகாவும் வந்தாள். பின்வீட்டுக்காரி. எங்கள் மதில்தான் அவள் எல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சண்டைக்கு வரும்போது அவள் வெறுங்கையுடன் வரமாட்டாள். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்:

"மிஸ், உங்கட மனுசனோட உங்களுக்கு என்ன பிரச்சினை என்று நான் கேக்கமாட்டேன். ஆனா அவர் தினமும் காலைல என்ட பாத்ரூம் ஜன்னலைச் சுத்தி ஏன் இறங்கணும்?"

நியாயமான கேள்வி. முறைப்பாடு எதுவும் செய்யமாட்டாளாம். ஆனால் அவளுடைய அண்ணன் மனைவி பிரதேச சபையில் வேலை செய்கிறாளாம். சும்மா, ஒரு தகவலுக்கு.

வாழைப்பழம் நல்ல பழம்.

மார்ச் 6

தகவல் வேலை செய்துவிட்டது. சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். இளம் பெண், சிங்களவர். கையில் குடையும் அளவு நாடாவும், முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பில்லை. வந்ததும் வேலையை நிறுத்தினார். இரும்பானாலும் சரி, தங்கமானாலும் சரி, மனிதன் ஏறி இறங்கப் போகும் எதுவும் அனுமதி இல்லாமல் எழும்பக்கூடாதாம். பாஸ் அதற்குள் மதில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு உத்தியோகத்தர் ஒரு கேள்வி கேட்டார்.

"இங்க இருக்கிறது ஒரு குடும்பமா, ரெண்டு குடும்பமா?"

"ஒண்ணுதான்" என்றார் இவர், உடனே.

"அப்ப எதுக்குத் தனிப் படி?"

மேலே தனியாக இன்னொரு குடித்தனம் என்றால் விஷயம் வேறு, வாகனம் நிறுத்த இடம் வேண்டும், கழிவுக் குழி வேண்டும், எல்லாவற்றையும் புதிதாகக் காட்ட வேண்டும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் பார்வை. குழந்தை கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோல்.

"மாலைல மேல போய்க் காத்து வாங்கிறதுக்கு" என்றேன் சிங்களத்தில். "சமையலறைக்குள்ளால ஏறினா வீடெல்லாம் மண்."

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. என்னை விட்டுப் போவதற்கு அவருக்கு நானே சாட்சி சொன்னேன். நல்ல மனைவிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

மார்ச் 7

இளங்கோ போன் எடுத்தான். அப்பா அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் பேசாதது என்னோடு மட்டும்தானே.

"அம்மா, உண்மையாவே நீங்க ரெண்டு பேரும் பிரியப்போறீங்களா?"

"இல்லடா. சபை இன்னும் அனுமதி குடுக்கல."

அவன் சிரிக்கவில்லை. பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15

ஹபீல் வந்தான். கட்டுகஸ்தோட்டைப் பையன், பிளான் வரைபவன். எக்ஸ்ரே அறையில் என்னிடம் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிவைத்தாள். பாவம், எந்த வீட்டுக்குள் வருகிறோம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஹோலில் ஒரு பக்கம் இவர், மறுபக்கம் நான், நடுவில் அளவு நாடாவுடன் அவன்.

"தம்பி, மேடத்துக்கிட்ட கேளுங்க, ஜன்னல் பக்கத்தால படி வந்தா அவங்களுக்குப் பரவாயில்லையான்னு."

அவன் என் பக்கம் திரும்பினான். "அன்ட்டி, அங்கிள் கேக்கிறார்..."

"எனக்குக் காது கேக்கும் மகன். அங்கிளுக்குச் சொல்லுங்க, மொதல்ல மத்த மூணு பக்கத்தையும் பாப்போம்னு."

அவன் அங்கே திரும்பினான். "அங்கிள், அன்ட்டி சொல்றாங்க..."

"கேட்டுச்சு."

இப்படியே வீட்டைச் சுற்றி வந்தோம். பின்பக்கம் சரிவராது, எல்லை வரைக்கும் கொஞ்சம் இடம் வானம் தெரிய வெறுமையாகக் கிடக்க வேண்டும். அதோடு சந்திரிகாவின் ஜன்னல். முன்பக்கம் றோட்டு. அங்கே படி எழுப்பினால் ஏறுகிறவர் மின்சாரக் கம்பியைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொள்ளலாம். இடப்பக்கம் மலை வெட்டிய சரிவு. அணைச்சுவர் அடியில் அத்திவாரம் தோண்டினால் படி மேலே ஏறுமுன் மலை கீழே இறங்கும். மிச்சம் வலப்பக்கம், என் படுக்கையறை ஜன்னலோரம்.

"சுருள் படி?" என்று இவர் கடைசி முயற்சி செய்தார்.

"ஏலாது அங்கிள். உள்பக்கம் கால் வைக்க இடமில்ல, ஒடுங்கிப் போகும். கட்டில் ஒண்டு மேல ஏத்த ஏலா. மேல ஒராளுக்கு ஏதாச்சும் ஆகிட்டா ஸ்ட்ரெச்சர்ல இறக்கவும் ஏலா."

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஹபீல் என்னைப் பார்த்தான். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு, டெக்கில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டான். தட்டு அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டுமே.

"எங்க சங்கம் முழுக்க" என்றார் இவர்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. உடுப்புக் காயப்போடக் கட்டிய தட்டாம் அது. சுற்றியிருக்கும் கட்டு முழங்கால் உயரம்கூட இல்லை. அதை இடுப்புக்கு மேல் உயர்த்த வேண்டும், கம்பி இடைவெளியில் குழந்தையின் தலை நுழையக்கூடாது, மழைத்தண்ணீர் அடுத்த வளவுக்குள் விழக்கூடாது, இவ்வளவு படி ஒரே மூச்சில் ஏறக்கூடாது, நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு சமதளம் வேண்டும்.

அந்தச் சமதளம் எங்கே வருகிறது? என் ஜன்னலுக்கு நேரே. பிரிந்து போகிற மனிதர் போகிற வழியில் என் ஜன்னலில் நின்று இளைப்பாற வேண்டும் என்பது அரசாங்கத்தின் விருப்பம்.

ஏப்ரல் 3

பிளான் சபையில். மண்சரிவு ஆய்வுக்காரர்களின் கடிதமும் வேண்டுமாம். அவர்கள் வருஷப் பிறப்பு முடிந்து வருவார்களாம்.

ஏப்ரல் 19

இவருக்குப் பொறுமை இல்லை. கட்டிலை உள்படியால் மேலே ஏற்றிக் குடிபோய்விட்டார். நான் வேலைக்குப் போனபின் கீழே வருகிறார், நான் வருமுன் மேலே போகிறார். சட்டியில் சோறு குறைவதை வைத்துத்தான் ஆள் உயிரோடு இருப்பது தெரிகிறது. எத்தனையோ பெண்கள் இதற்காக விரதம் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 24

ஏணி. எங்கிருந்தோ ஓர் அலுமினிய ஏணி இரவல் வாங்கி வந்து வலப்பக்கம் தட்டில் சாய்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறார். அனுமதி வரும்வரை தற்காலிக ஏற்பாடு.

"அடியில மண்ணு. மழை பேஞ்சா வழுக்கும்" என்று கீழே நின்று கத்தினேன்.

"நான் பேசறதில்ல" என்று பதில் வந்தது.

ஏப்ரல் 29

என்னா சத்தம் அது. தேங்கா விழுந்துச்சுன்னுதான் நெனச்சேன். எங்க வளவுல தென்னையே இல்லையே. குடைய எடுத்துக்கிட்டு வேலைக்குக் கெளம்பி நிக்கிறேன், அப்பிடியே போட்டுட்டு ஓடினேன்.

மல்லாந்து கெடக்கிறாரு. ஏணி பக்கத்துல. மழை கண்ணுக்குள்ள விழுது, மூடவே இல்ல. ஒண்ணுமே சொல்லல. பேசமாட்டேன்னு சொன்ன மனுசன் — இப்பவும் அதுக்குத்தான் பேசாம கெடக்கிறாரா, இல்ல — என்னங்கன்னு கூப்பிட்டேன். திரும்பல. இந்தாங்கன்னு கூப்பிட்டேன். "யோகராஜ்"னு கத்தினேன். கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல அவர் பேர நான் சொன்னது அதுதான் மொதத் தடவ. அதுக்குத்தான் கண்ணு அசைஞ்சுது.

"கலா. காலு."

காலப் பாத்தேன். படம் எடுக்காமலே தெரிஞ்சுது.

சந்திரிகா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அம்புலன்ஸ் வரும்வரை அவர் முகத்துக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முழுக்க நனைந்துவிட்டாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நானாக இருந்தால் ஒன்றாவது சொல்லியிருப்பேன்.

மேலே பாதி பேச்சுமாதிரியே எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன்.

ஏப்ரல் 30

நேற்றுப் படத்தை நானே எடுத்தேன். வேறு ஆள் இருந்தார், விடவில்லை.

"அசையாதீங்க" என்றேன். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் சொல்கிற வார்த்தை. அவர் அசையவில்லை. என் சொல்லை அவர் உடனே கேட்டது சரித்திரத்தில் இதுதான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்தட்டு நொறுங்கியிருக்கிறது. மேல்தட்டு வேண்டும் என்றுதானே தலைகீழாக நின்றார்.

இந்த வரியை எழுதிவிட்டு அழுதேன்.

மே 11

தகடும் ஆணியும் வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹோலில் கட்டில். காலை ஊன்றக்கூடாது. பேச்சுவார்த்தை மீண்டும் ஆரம்பமாகியிருக்கிறது. தலையணை, மாத்திரை, பெட்பான் ஆகிய மூன்று துறைகளில்.

சங்கத்தார் வந்து பார்த்தார்கள். மேரி பிஸ்கட் கொண்டுவந்தார்கள். மலரில் இவருக்காக ஒரு பக்கம் ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். "ஆள் இன்னும் இருக்காரே" என்றேன். சீக்கிரமே போய்விட்டார்கள்.

மே 18

இன்று உடம்பு துடைத்துவிடும்போது அவராக ஆரம்பித்தார்.

"அத்தன பேருக்கு முன்னால எழும்பிப் போங்கன்னு சொன்னியே. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

கையில் ஈரத் துணி. பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"அன்னைக்கு ஒரு பொம்பளப் புள்ள. பள்ளிக்கூட யூனிபோர்ம். கழுத்த அசைக்காமப் படம் எடுக்கணும், நான் தலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்மா எங்க, அம்மா எங்கன்னு என்னையே கேக்குது. அம்மா பக்கத்து அறையில. துணி மூடி. எனக்குத் தெரியும், சொல்லமுடியாது. அதுக்குப் பெறகு வீட்டுக்கு வந்தா, டீ ஊத்துன்னு சொல்றீங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுத ஆசைதான். அவர் முதுகு இன்னும் பாதி துடைக்கவில்லை. துடைத்தேன்.

ஜூன் 5

சங்கம் திரும்பிவிட்டது! நோயாளிக்குத் தனிமை கூடாது என்று யாரோ சொன்னார்களாம். கட்டிலைச் சுற்றிக் கதிரைகள். பின்னேரம் முழுக்கச் சிரிப்பு, கிரிக்கெட், மலருக்கு அட்டைப்படம் எந்த நிறம் என்று வாக்குவாதம். முன்பு விரட்டினேன். இப்போது விரட்டினால் காலொடிந்த மனிதனின் சந்தோஷத்தைக் கெடுத்த பாவி. டீ மட்டும் ஊற்றவில்லை. பிளாஸ்கையும் கோப்பைகளையும் நடுவில் வைத்துவிட்டேன், சனநாயகம்.

வேலை முடிந்து வந்து உட்கார எனக்கு ஓர் இடமில்லை. கடைசியில் உடுப்பு எடுக்கிற சாட்டில் மேலே போனேன்.

ஜூன் 8

இன்றும் மேலே போனேன். எடுக்க உடுப்பில்லை.

ஜூன் 14

மேலே இவர் விட்டுவந்த கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் ஹந்தான மலை முகில் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. பக்கத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. நான் கையைக் காலை நீட்டி, ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அது சூடாக இருக்கும்போதே குடித்து முடித்தேன். இந்த வீட்டில் இது எப்போது கடைசியாக நடந்தது என்று யோசித்தேன். விடை வரவில்லை.

அந்த மனிதர் முட்டாள் இல்லை. இடத்தைச் சரியாகத்தான் தெரிவு செய்திருக்கிறார்.

ஜூன் 20

அனுமதி வந்துவிட்டது! முத்திரை, கையெழுத்து, ஒரு பக்கம் நிபந்தனைகள். அதே நாளில் கிளினிக். டொக்டர் என் முன்னாலேயே சொன்னார்: "கால் நடக்கும். ஆனா இனிப் படி ஏறுறதக் கொறச்சுக்குங்க. மேல ஏறி இறங்கிற வாழ்க்கை வேணாம்."

நாலுமாதப் போராட்டம் என்றால் இப்படித்தான் வெற்றி பெற வேண்டும்.

பின்னேரம் ஹபீல் வந்தான். கட்டிலில் கிடப்பவரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டான்.

"அன்ட்டி, இனி வேணாம் தானே? கேன்சல் பண்ணவா?"

"கட்டுங்க" என்றேன்.

எனக்கே திக்கென்றது. அவன், "யாருக்கு அன்ட்டி?" என்று கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

ஜூலை 10

கொங்கிரீட் போடுகிறார்கள். வீடெல்லாம் தூசி. இவர் ஊன்றுகோலுடன் வாசலில் நின்று பாஸ்மாருக்கு ஆலோசனை சொல்கிறார். தனக்குத்தான் கட்டுகிறார்கள் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது போல. "கால் சரியாகிட்டா மெதுமெதுவா ஏறிக்கலாம்" என்றார் இன்று. நான் சொல்லவில்லை. யாருக்கு என்று சொல்லாதது கோழைத்தனம்தான்.

ஜூலை 22

உத்தியோகத்தர் வந்து பரிசோதித்தார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், கம்பிகளுக்கு இடையில் முஷ்டியை விட்டுப் பார்த்தார், சந்திரிகாவின் பக்கத்துக்கு வைத்த மறைப்பைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு கடைசிப் படியில் நாடாவை வைத்தார். மற்றவற்றைவிட அது கொஞ்சம் உயரம். உடைத்துத் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டார்.

"இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா?" என்று ஹபீலைக் கேட்டேன்.

"கால் கணக்கு வெச்சிருக்கும் அன்ட்டி. பத்துப் படி ஒரே மாதிரி ஏறினா, பதினோராவதும் அப்பிடித்தான் எண்டு நெனச்சு வைக்கும். அங்கதான் விழுறது."

அந்தப் படிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எங்களுக்கு அது எந்த வருஷம்? அவர் பென்ஷன் எடுத்த வருஷமா, இளங்கோ போன வருஷமா? அப்போது நாடாவோடு யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 3

சொல்லிவிட்டேன். ஊரே பெரஹரா பார்க்கப் போயிருக்க, சங்கத்தாரும் போயிருக்க, வீடு அமைதியாக இருந்தது.

"மேல் அறைக்கு நான் போறேன்."

"எதுக்கு? துப்புரவாக்கவா?"

"இருக்கிறதுக்கு."

அவர் டீவியை நிறுத்தினார். அதுவே பெரிய விஷயம்.

"நான்தானே போறேன்னு சொன்னேன்."

"சொன்னது நீங்க. போறது நான்."

"அப்ப... நம்ம ரெண்டு பேரும் முடிஞ்சுதா?"

அவர் குரல் உடைந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"முடியல. எனக்குக் கொஞ்சம் மூச்சு விடணும். நீங்களும் அதுக்குத்தானே கேட்டீங்க?"

"அப்ப சாப்பாடு?" என்றார்.

"ஒடைஞ்சது கால். கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நானே படம் எடுத்துப் பாக்கவா?"

சிரித்துவிட்டார். உடனே அதை மறைக்க இருமினார். நானும் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஆகஸ்ட் 4

இளங்கோவுக்குப் போனில் சொன்னேன். "அம்மா, ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றான். கொழும்பில் இருக்கிற பிள்ளைக்கு ஊர்மேல் எவ்வளவு அக்கறை. "ஊரு படி ஏறி வந்து சொல்லட்டும். கைப்பிடி பலமா இருக்குன்னு சபையே எழுதிக் குடுத்திருக்கு" என்றேன்.

ஆகஸ்ட் 10

குடிவந்தேன். ஹபீல் சொன்னது சரி, அலுமாரி எங்கும் இடிக்காமல் ஏறியது. தட்டு சங்கத்தைத் தாங்காது. என் ஒருத்தியைத் தாங்கும்.

முதல் சாமத்தில் பயமாக இருந்தது. கீழே ஊன்றுகோல் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கிடந்தேன். கேட்டது. பாத்ரூமுக்குப் போய்த் திரும்பினார். விழவில்லை. பிறகு தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 27

கீழே போனால் சமையலறை போர்க்களம். இரண்டு வாரமாகப் பாணும் சம்பலும் கடைச் சோறும் என்று ஓட்டிய மனிதர், இன்று முட்டை பொரிக்கப் பார்த்திருக்கிறார். சட்டி கருகல், ஜன்னல் கறுப்பு. நான் ஒன்றும் சொல்லாமல் என் கடகப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாக்கைக் கடித்ததில் இன்னும் வலிக்கிறது.

சங்கம் குறைந்துவிட்டதாம். பிளாஸ்க்கில் டீ ஊற்றிவைக்க ஆளில்லை என்றதும் மலரின்மேல் பலருக்கு ஆர்வம் போய்விட்டது. இரண்டு பேர் மட்டும் வருகிறார்கள். அதில் ஒருவர் வரும்போது கடலை கொண்டுவருகிறாராம்.

செப்டெம்பர் 8

சந்திரிகா மேலே வந்தாள். படி வழியாக, முதல் விருந்தாளி. அன்னமுன்னாப் பழம் கொண்டுவந்திருந்தாள். பயந்துவிட்டேன், என்ன முறைப்பாடோ என்று. ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, தன் வீட்டுக் கூரையைக் காட்டிக் கேட்டாள்:

"மிஸ், அந்தப் பிளான் வரையிற பையனோட நம்பர் இருக்கா?"

செப்டெம்பர் 21

ஞாயிறு. வேலை இல்லை. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழிருந்து போன் வந்தது. ஒரே வீட்டுக்குள்.

"கலா, பருப்புக்கு மஞ்சள் எப்ப போடணும்? மொதல்லயா, பெறகா?"

"மொதல்ல. வேகும்போதே."

"தேங்காப்பால்?"

"கடைசில. போட்டபெறகு கொதிக்க விடாதீங்க, திரிஞ்சிடும்."

"சரி." போனை வைக்கவில்லை. "நேத்து ரொம்ப லேட்டாகித்தானே வந்த. கூட்டமா?"

"ஒரு லொறி. ரெண்டு பேர். பொழச்சிட்டாங்க."

"நல்லது" என்றார். பிறகு அடுப்பில் ஏதோ சீறியது, போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தாளிக்கிற வாசனை மேலே ஏறி வந்தது. கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம். கருகவில்லை. கறிவேப்பிலைதான் கொஞ்சம் கூடிவிட்டது.

நான் சொல்லவில்லை.